ஆர்ப்பரியுங்கள்!



திருப்பலியில் நாம் அடிக்கடி கேட்கும் வினைச்சொல் ஒன்று உண்டு: ஆர்ப்பரித்தல். 95ஆம் திருப்பாடல் தன் முதல் அடிகளிலேயே நம்மை அதற்கு அழைக்கிறது. 100ஆம் திருப்பாடல் அந்த அழைப்போடுதான் வாய் திறக்கிறது. பழைய இலத்தீன் எண்ணிக்கைப்படி 94ஆம் சங்கீதம், 99ஆம் சங்கீதம் என்று நம் மூத்தவர்கள் அறிந்திருந்தவை இவை.

வாசகர் மேடையில் நின்று நம்மை ஆர்ப்பரிக்கச் சொல்கிறார். நாமோ, அருகில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பதிலை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆர்ப்பரிக்கும் வேலையைப் பாடகர் குழுவிடமும் ஒலிபெருக்கியிடமும் ஒப்படைத்துவிட்டோம் போலும்! இதற்குக் காரணம் என்ன? அச்சொல்லின் பொருள் நமக்குத் தெரியவில்லையா? அல்லது பொருள் தெரிந்தும், "ஆர்ப்பரிக்கும் நிலையிலா நாங்கள் இருக்கிறோம்?" என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறதா?

இரண்டாவது காரணம் உண்மையாயிருந்தால், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நோர்வூட்டிலும், மஸ்கெலியாவிலும், பொகவந்தலாவையிலும் லயன் அறைகளில் குடும்பம் நடத்துகிற ஒரு தாய் அதைக் கேட்டால், அவளுக்கு நேர்மையான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பதிலை அச்சொல்லுக்குள்ளேயே தேடிப் பார்ப்போம்.

சொல்லின் வேர்

தமிழில் 'ஆர்த்தல்' என்றால் பேரொலி எழுப்புதல். கடல் ஆர்க்கும், முரசு ஆர்க்கும், படை ஆர்க்கும். 'ஆர்ப்பு' என்பது போர்க்களத்து ஒலியையும் குறிக்கும், விழாக்களத்து ஒலியையும் குறிக்கும். அவ்வழியில் வந்ததே 'ஆர்ப்பரித்தல்'. ஆகவே இச்சொல்லில் முதலில் நிற்பது ஒலி. வாய்க்குள் அடங்கிக் கிடக்கும் மகிழ்ச்சி ஆர்ப்பரிப்பு ஆகாது. நம் பிரிந்த சகோதரர்களின் பழைய வேதாகமம் இவ்விடங்களில் 'கெம்பீரித்தல்' என்ற சொல்லை எடுத்தாண்டது. வடமொழியில் 'கம்பீரம்' என்றால் ஆழம். அடிவயிற்றின் ஆழத்திலிருந்து எழும் குரல் என்று கொள்ளலாம். ஒரு சொல் ஒலியின் அளவைக் காட்டுகிறது. மற்றது அது பிறக்கும் இடத்தைக் காட்டுகிறது.

திருப்பாடல்கள் முதலில் எழுதப்பட்ட எபிரேய மொழியில் இக்கருத்துக்கு முக்கியமாக இரு சொற்கள் வருகின்றன.

ஒன்று, 'தெருஆ' என்னும் பெயர்ச்சொல்லும் அதன் வினையும். எக்காளம் முழங்கும்போதும், மன்னன் வரும்போதும், மக்கள் கூட்டமாய் எழுப்பும் முழக்கம் இது. எரிக்கோவின் மதில் இடிந்து விழுமுன் மக்கள் எழுப்பியது இம்முழக்கமே. தாவீது உடன்படிக்கைப் பேழையை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது எழுந்ததும் இதுவே. நோர்வூட் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்தபோது, தோட்டந்தோட்டமாகத் திரண்ட மக்கள் எழுப்பிய ஆரவாரத்தை அவர்கள் அறிவார்கள். வருகிறவரிடம் நம்பிக்கை வைத்து எழுப்பும் ஒலி அது. 98ஆம் திருப்பாடல் அதே முழக்கத்தை, அரசராய் வரும் ஆண்டவருக்கு முன் எழுப்பச் சொல்கிறது. ஒரு தலைவருக்காகத் திறந்த தொண்டை, ஆண்டவருக்கு முன் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

மற்றச் சொல் 'ரானன்'. குரலை உயர்த்தி மகிழ்ந்து பாடுதல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதன் பெயர்ச்சொல் 'ரின்னா'. 126ஆம் திருப்பாடலில் 'ரின்னா' மூன்று முறை வருகிறது. அடிமைத்தனத்திலிருந்து திரும்பியவர்களின் நாவில் அது இருக்கிறது. கண்ணீரோடு விதைத்தவர்கள் அறுக்கும்போது அது இருக்கிறது. கதிர்க்கட்டுகளைச் சுமந்து வீடு திரும்பும்போதும் அது இருக்கிறது.

ஆனால் இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். 17ஆம் திருப்பாடலில், பகைவர்களால் சூழப்பட்ட ஒருவர் தம் 'ரின்னா'வுக்குச் செவிசாய்க்குமாறு ஆண்டவரைக் கெஞ்சுகிறார். அங்கே அது மகிழ்ச்சிப் பாடலன்று, அபயக்குரல். கோவிலை அர்ப்பணித்த சாலமோன் தம் மன்றாட்டிலும் இதே சொல்லை வைத்தார். எல்லாவற்றிலும் வியப்பானது புலம்பல் நூல். எருசலேம் எரிந்து, குழந்தைகள் தெருமுனையில் பசியால் சோர்ந்து விழுகின்ற வேளையில், இரவில் எழுந்து குரல் எழுப்பு என்று அந்நகருக்குச் சொல்லப்படுகிறது (2:19). அங்கே நிற்கும் வினை 'ரானன்'! மகிழ்ந்து பாடுவதற்குரிய அதே வினை, நெஞ்சைத் தண்ணீராய் ஊற்றி அழுவதற்கும் வருகிறது.

எனவே 'ரானன்' கவலையற்றவர்களின் சொல் அன்று. இறைவனை நோக்கி மறைக்காமல் குரலைத் திறந்துவிடுவதே அதன் அடிப்பொருள். அக்குரலில் வருவது சில நாளில் களிப்பு; சில நாளில் கண்ணீர். தொண்டை ஒன்றுதான், கேட்கிறவரும் ஒருவர்தான்.

உழைப்பவரின் சொல்

இலத்தீன் விவிலியம் இவ்விடங்களில் பயன்படுத்திய வினை 'யூபிலாரே'. 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் உலக மக்கள் அனைவரும் பாடுவதற்கென வெளியிட்ட எளிய இலத்தீன் பாடல் தொகுப்புக்கும் இச்சொல்லையே தலைப்பாக வைத்தார். இச்சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் வார்ரோ, நகரத்தார் கூவுவதற்கு ஒரு சொல்லும் நாட்டுப்புறத்தார் கூவுவதற்கு ஒரு சொல்லும் இருப்பதை எடுத்துக்காட்டினார். அதில் நாட்டுப்புறத்தாருடையதே 'யூபிலாரே'. கழனியில் நிற்பவனும் மந்தை மேய்ப்பவனும் குன்றிலிருந்து குன்றுக்குக் குரல் கொடுக்கும் ஒலி அது. மாளிகையில் பிறந்த சொல் அன்று. மண்ணில் பிறந்த சொல். திருச்சபை தன் வழிபாட்டுக்கு அதை எடுத்துக்கொண்டது.

புனித அகுஸ்தீனார் (354–430) திருப்பாடல்களுக்கு விளக்கம் சொல்லும்போது, இறைவனை எப்படி ஆர்ப்பரித்துப் பாடுவது என்று மக்களுக்குக் கற்பித்தார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் பாடகர்கள் அல்லர், கூலியாட்கள். அறுவடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் கடுமையாக உழைப்பவர்கள் முதலில் சொற்களோடு பாடத் தொடங்குகிறார்கள். உள்ளம் நிறைந்து பொங்கியதும் அதற்குச் சொற்கள் போதுவதில்லை. சொற்களைக் கைவிட்டு வெறும் ஒலியாகவே பாடத் தொடங்கிவிடுகிறார்கள். அதுவே ஆர்ப்பரிப்பு என்றார் அவர். இறைவனைச் சொல்லால் சொல்லி முடிக்க முடியாது, மௌனமாயிருக்கவும் முடியாது. அப்படியானால் சொல்லற்ற இப்பாட்டைத் தவிர வேறெதை அவருக்குக் கொடுப்பது? நம் 'அல்லேலூயா'வின் கடைசி உயிரெழுத்தை நீட்டி, பல சுரங்களில் இழுத்துப் பாடும் பழைய கிரகோரிய முறைக்கும் இதே சொல்லைச் சார்ந்தே 'யூபிலுஸ்' என்று பெயர் வந்தது.

புனிதர் திராட்சைத் தோட்டத்தில் கண்டதை நாம் தேயிலை மலையில் காணலாம். அதிகாலையில் பிரட்டுக்குப் போய், நிரை பிடித்து, சரிவில் கால் ஊன்றிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையின் பாரத்தைப் பாட்டால் தூக்கிவந்திருக்கிறார்கள். கும்மிப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கேலிசெய்யும் பாட்டு எனத் தோட்டப் பாடல்கள் பல. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் தொகுத்துத் தந்தார். தாலாட்டுப் பாடியவளும் ஒப்பாரி வைத்தவளும் ஒரே பெண்தான். மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: எரிந்துபோன மன்மதனுக்காக ரதி புலம்புகிறாள், பின் அவன் உயிர்பெற, அதே களத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது. அது நம் இந்து அயலவர்களின் வழிபாடு. ஆயினும் அழுகையும் களிப்பும் ஒரே குரலில் அடங்கும் என்பதை இம்மலை மக்கள் யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

நம் பாட்டிமார் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த குலவையை நினைத்துப் பாருங்கள். நாற்று நடும்போதும், திருமணத்திலும், திருவிழாவிலும் நாவைச் சுழற்றி எழுப்பும் அவ்வொலியில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர் எவரும் "என்ன பொருள்?" என்று கேட்பதில்லை. புனித அகுஸ்தீனார் அதைக் கேட்டிருந்தால், "இதைத்தான் சொன்னேன்" என்றிருப்பார்!

பிரித்தறிய முடியாத ஒலி

விவிலியத்தில் ஒரு காட்சி உண்டு. எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள், இடிந்துபோன கோவிலுக்கு மீண்டும் அடித்தளம் இடுகிறார்கள். இளையவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். பழைய கோவிலைக் கண்ணால் கண்ட முதியவர்களோ உரத்த குரலில் அழுகிறார்கள். இரு ஒலியும் கலந்து நெடுந்தூரம் கேட்கிறது. மகிழ்ச்சியின் ஒலி எது, அழுகையின் ஒலி எது என்று எவராலும் பிரித்தறிய முடியவில்லை. அழுதவர்களை வெளியே போகும்படி யாரும் சொல்லவில்லை; ஆர்ப்பரித்தவர்களை அடங்கும்படியும் யாரும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே ஆண்டவர் ஏற்றுக்கொண்டார்.

நம் மலையகமும் அப்படிப்பட்ட ஒலியையே எழுப்பியது. 1823இல் கம்பளைப் பகுதியில் தொடங்கிய தோட்ட வாழ்வின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மூதாதையர் நோயிலும் பசியிலும் செத்து விழுந்த அதே பாதை அது. அந்நடையைக் கொண்டாட்டம் என்பதா, துக்கம் என்பதா? இரண்டுந்தான்.

பின்பு 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயல் வந்தது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. உறங்கியவர்களின் மீது மண் மூடியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நான்கு வாரங்கூட ஆகாத நிலையில் கிறிஸ்து பிறப்பு வந்தது. அவ்விழாவின் பகல் திருப்பலியில் 98ஆம் திருப்பாடல் ஒலித்தது. ஆறுகள் கைதட்டட்டும், மலைகள் ஒன்றுகூடி மகிழ்ந்து பாடட்டும் என்று கூறும் திருப்பாடல் அது. மலைகள் 'பாடுவதற்கு' அங்கே நிற்கும் எபிரேய வினையும் 'ரானன்'தான்.

மலை இடிந்து பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம், மலைகள் மகிழ்ந்து பாடுகின்றன என்று எப்படிச் சொல்வது?

அத்திருப்பாடலை முடிவுவரை வாசித்தால் பதில் கிடைக்கும். மலைகள் ஏன் பாடுகின்றன? எல்லாம் நன்றாக இருப்பதாலா? இல்லை. ஆண்டவர் வருகிறார், உலகுக்கு நீதி வழங்க வருகிறார் என்பதால்! இன்னும் வந்துசேராத நீதியை நம்பி எழுப்பும் குரல் அது. கொடுத்துவிட்டதற்கான நன்றியை மட்டுமல்ல, கொடுக்க வேண்டியதை நினைவூட்டும் மன்றாட்டையும் தன்னுள் வைத்திருக்கிறது. அந்தத் தகப்பன் அன்று வாய் திறக்க முடியாமல் நின்றிருந்தால், அவர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர். அவருக்காகவும் சேர்த்து அருகில் நின்றவர் பாடியிருந்தால், அதுவே திருச்சபை. அவர் பாட்டுக்குப் பதிலாக அழுதிருந்தால், அந்த அழுகையும் 'ரின்னா'தான்.

கட்டளைக்குப் பாடுவதும் கூச்சலும்

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, பிறர் வாயில் பாட்டைத் திணிக்கக் கூடாது. பாபிலோனில் சிறைப்பிடித்தவர்கள் தங்கள் கேளிக்கைக்காகப் பாடச் சொன்னபோது, இஸ்ராயேலர் யாழ்களை அலரி மரங்களில் தொங்கவிட்டார்கள் என்று 137ஆம் திருப்பாடல் கூறுகிறது. அந்த மௌனத்தை இறைவன் கண்டிக்கவில்லை. அதையே ஒரு திருப்பாடலாக்கிவிட்டார். துக்க வீட்டில் போய், "அழாதே, இறைவனைத் துதி" என்று அதட்டுவது விசுவாசம் அன்று. உடன் அமர்ந்து அழுவதே முதற்பாடம்.

இரண்டாவது, கூச்சலை ஆர்ப்பரிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இறைவாக்கினர் ஆமோஸ் வழியாக ஆண்டவர், தம்மிடமிருந்து பாடல்களின் இரைச்சலை அகற்றச் சொன்னார். நீதி ஆறாய்ப் பெருகட்டும் என்றார். ஞாயிறு அன்று கைதட்டிப் பாடிவிட்டு, திங்கள் அன்று கொழுந்து நிறுக்கும்போது பறித்தவளின் கிலோவைக் கழித்துப் போடுகிறவனுடைய பாட்டு அந்த இரைச்சலில் சேரும். முழு நாள் வேலைக்கு அரைப்பேர் போடுகிறவனுடைய பாட்டும் அப்படியே. கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு வந்து பீடத்தருகில் நின்று உரக்கப் பாடுகிறவனுடைய பாட்டும் அப்படியே. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டுவதால் ஆர்ப்பரிப்பு கூடிவிடாது.

லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் கூறும் 'யோபேல்' ஆண்டையும் இங்கே நினைக்க வேண்டும். ஆட்டுக் கொம்பை ஊதி அறிவிக்கும் அந்த ஐம்பதாம் ஆண்டில் அடிமை விடுதலை பெறுவான். நிலத்தை இழந்தவன் நிலத்தைத் திரும்பப் பெறுவான். 'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லும் 'யூபிலாரே' என்ற இலத்தீன் சொல்லும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை. ஆனால் திருச்சபையின் நாவில் இரண்டும் ஒன்றுகலந்து 'யூபிலி' ஆயின. 2024 டிசம்பர் 24 முதல் 2026 ஜனவரி 6 வரை அகிலத் திருச்சபை யூபிலி கொண்டாடியது. ஆனால் தலைமுறை தலைமுறையாய் மண்ணைப் பொன்னாக்கியும், சொந்தமென்று சொல்ல ஒரு துண்டு நிலமில்லாத குடும்பங்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. யூபிலியைப் பாட்டாக மட்டும் வைத்துக்கொண்டு, நிலத்தையும் வீட்டையும் பற்றிய அதன் கட்டளையை மறந்துவிட்டால், நாம் பாதிச் சொல்லையே பாடுகிறோம்.

நள்ளிரவில் ஒரு பாட்டு

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். கன்னி மரியாவின் புகழ்ப்பாடலில், அவரது உள்ளம் மீட்பராம் கடவுளில் பேருவகை கொள்வதைக் குறிக்கும் கிரேக்க வினை 'அகல்லியாவோ'. அதைப் பாடியவர் செல்வர் வீட்டுப் பெண் அல்லர். தாழ்த்தப்பட்டோர் உயர்வர், பசித்தோர் நிறைவு பெறுவர் என்று பாடிய நாசரேத்தூர் ஏழைப் பெண். அதே வினையைப் புனித பேதுரு, பலவகைச் சோதனைகளால் வருந்திக்கொண்டிருந்த விசுவாசிகளைப் பற்றி எழுதும்போது கையாளுகிறார் (1 பேதுரு 1:6). துன்பம் தீர்ந்தபின் மகிழ்வார்கள் என்று அவர் எழுதவில்லை. துன்பப்படும்போதே பேருவகை கொள்கிறீர்கள் என்கிறார். பவுலும் சீலாவும் பிலிப்பி நகர்ச் சிறையில், முதுகில் அடிபட்ட காயங்களோடு, நள்ளிரவில் பாடினார்கள். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று திருத்தூதர் பணி நூல் குறிப்பிடுகிறது. கதவுகள் திறந்தது பிறகுதான், பாட்டு முதலில்!

ஆகவே, "ஆர்ப்பரிக்கும் நிலையிலா இருக்கிறோம்?" என்று கேட்கும் அத்தாய்க்குப் பதில் இதுதான்: அம்மா, அச்சொல் உங்களைப் போன்றவர்களுடையதுதான். உங்கள் மகிழ்ச்சியை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொண்டு வர வேண்டாம். உங்கள் குரலை முழுவதுமாகக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் தொடங்குவோம்

1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம், மக்களின் பாடலை வளர்க்க வேண்டும் என்றும், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் பணித்தது. நம் தாய்மொழியில் நாமே பாடும் உரிமை அவ்வாறு உறுதியாயிற்று. கிடைத்த உரிமையை வாய்மூடி இழந்துவிடலாமா?

பாடகர் குழுவினரே, நீங்கள் மக்களுக்குப் பதிலாகப் பாட வந்தவர்கள் அல்லர்; மக்களைப் பாடவைக்க வந்தவர்கள். மக்களுக்கு எட்டும் சுருதியில் தொடங்குங்கள். வாரந்தோறும் புதுப்பாட்டு என்று அவர்களைத் திணறடிக்காதீர்கள்.

பெற்றோரே, மாலைச் செபத்தில் ஒரு பாட்டாவது சேர்ந்து பாடுங்கள். பக்கத்துக் காம்பராவில் உள்ளவர்களுக்குக் கேட்குமே என்று கூச்சப்பட வேண்டாம். நோயாளி உறங்கினால் மெல்லப் பாடுங்கள், மற்றபடி கேட்கட்டும்! சுருதி சேராத குழந்தையை அடக்காதீர்கள். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போன பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனுக்காகவும் ஓர் அடி பாடுங்கள்.

இளைஞரே, உங்கள் பாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் மலையில் பாடிய பாட்டைக் கேளுங்கள். சொல் மறந்துபோய் மெட்டு மட்டும் அவரிடம் எஞ்சியிருந்தால், அந்த மெட்டையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு திருப்பலியில் பதிலுரைப் பாடல் வரும்போது, துக்கத்தில் இருப்பவர் ஒருவர் உங்கள் வரிசையில் வாய்மூடி நிற்கலாம். அவரைத் திரும்பிப் பார்த்து விசாரிக்க வேண்டாம். அவர் பங்கையும் சேர்த்து நீங்கள் உரக்கப் பாடுங்கள். திருப்பலி முடிந்ததும் அவருடன் அவர் வீடுவரை நடந்து செல்லுங்கள். அந்தப் பாட்டையும் அந்த நடையையும் ஆண்டவர் ஒரே ஆர்ப்பரிப்பாக ஏற்றுக்கொள்வாராக.